சிரில் குடித்த முதல் செம்பு

சாலாக் செலாத்தானில் ரயில்வே ஆட்கள் குடியிருந்த லயங்களுக்கு ஒரே கிணறு. அந்தத் தண்ணீரை இரும்புத் தொட்டிக்கு ஏற்றுவதும், பிளீச்சிங் பவுடர் போடுவதும், மாதா மாதம் ஒரு புட்டியில் பிடித்து ரயிலில் கோலாலம்பூர் சுகாதார ஆபீசுக்கு அனுப்புவதும் சிரிலின் வேலை. பதில் வந்ததும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பொதுக்குழாயடியில் எல்லாரும் கேட்க வாசிப்பான். நல்ல தண்ணீர் என்றால் முதல் செம்பை அவன்தான் குடிக்க வேண்டும். அது ஆபீஸ் போட்ட சட்டமில்லை. சொல்கிறவன் குடித்துக் காட்டட்டும் என்று லயத்து சனங்கள் போட்டது.

இரண்டு மாதமாக அந்தச் செம்பு காய்ந்து கிடந்தது. குடிக்கத் தகுதியில்லை என்றே பதில் வந்தது. வீட்டுக்கு வீடு கொதிக்க வைத்துக் குடித்தார்கள். இன்னொரு முறை அப்படி வந்தால் கிணற்றுக்குப் பூட்டு. பெண்கள் குடத்தோடு ஆற்றுக்கு நடக்க வேண்டும், சிரிலை எங்கேயாவது மாற்றிவிடுவார்கள். பாவம், அப்போதுதான் கல்யாணம் முடித்து மகதலேனாவைக் கிள்ளானிலிருந்து கூட்டி வந்திருந்தான்.

பயம் வந்தால் சிரிலுக்கு வாய் முந்திக்கொள்ளும். கிணற்றுக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டு வீரம்மாவின் பசு கட்டியிருந்தது. போதாதா? "ஒங்க மாட்டாலதான்க்கா ஊருக்கே வாந்திபேதி வரப்போவுது" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டான். வீரம்மா அப்போதே பசுவை அவிழ்த்துத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கட்டினாள். புதுப்பெண்ணுக்கென்று தினமும் கொடுத்தனுப்பிய மோரும் அன்றோடு நின்றது.

மூன்றாவது மாதத்துக்கான காலிப் புட்டியும் வந்தது. ஆபீசில் அதைக் கிருமி சாக ஆவியில் வேகவைத்து, பஞ்சு அடைத்து, மேலே காகிதம் சுற்றிக் கட்டி அனுப்புவார்கள். தண்ணீர் பிடிக்கும் நேரம் வரை யாரும் திறக்கக் கூடாது. இது சிரிலுக்குத் தெரியும். வீட்டில் சொல்லத்தான் தோன்றவில்லை. அன்று அதை எடுக்கக் கொஞ்சம் முன்னதாகவே வீட்டுக்கு வந்தான். கொல்லையில் மகதலேனா புட்டிக்குள் துணியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தாள்.

"யார் யார் கை பட்டு வருதோ!" என்றாள். "புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சாத்தான் எனக்கு மனசு ஆறும். போன ரெண்டு தடவையும் இப்படித்தாங்க கழுவி, பழையபடி கட்டி வச்சேன். ஒரு வார்த்தை நல்லாருக்குன்னு சொன்னீங்களா?"

சிரில் அவள் கையிலிருந்து புட்டியை வாங்கி வைத்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்! ஆபீசுக்குச் சொல்லி அனுப்பி வேறு புட்டி வரவழைத்தான். ஸ்டேஷனிலேயே வாங்கி, வீட்டு வாசலை மிதிக்காமல் நேரே குழாயடிக்குப் போய்ப் பிடித்தான்.

தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தது. அதை மட்டும் வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் கூட்டத்தின் கடைசியில் வீரம்மா நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"முன்னயும் தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். "மாடு ஒண்ணும் பண்ணல. புட்டிய எங்க வீட்டுலதான் கழுவிட்டோம். நான் சொல்லி வைக்காதது தப்பு. வீரம்மாக்கா, மன்னிச்சிருங்க."

கூட்டம் சிரித்த சிரிப்பில் மகதலேனா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வீரம்மா மட்டும் சிரிக்கவில்லை. முன்னால் வந்து செம்பை எடுத்துக் குழாயில் பிடித்து அவனிடம் நீட்டினாள்.

"புடி தம்பி" என்றாள். "கழுவாமத்தான் புடிச்சிருக்கேன்."

சிரில் அண்ணாந்து குடித்தான். பாதி சட்டையில் போயிற்று.

சாயங்காலம் மகதலேனாவுக்கு மோர் வந்தது. மோர்ச் செம்பைத் திருப்பிக் கொடுக்கும்முன், கழுவலாமா வேண்டாமா என்று அவள் புருஷனைக் கேட்டுக்கொண்டாள்.