வரைபடத்தில் ஒரு சிவப்புக் குவியல்

மூன்று நாளில் நான்காவது பல்கலைக்கழகம். முதல் மூன்றிலும் ஒரே கதைதான்: பளபளவென்று ஒரு கையேடு, ஒரு சிரிப்பு, “உங்க வயசுக்கு இந்தப் படிப்பு கொஞ்சம் கஷ்டம்ங்க.” முப்பத்தெட்டு என்ன கிழட்டு வயதா? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு படியிறங்கினேன். என் விடுப்பும் விண்ணப்பக் கெடுவும் இன்றோடு முடிகின்றன.

துணைக்கு வந்த அக்கா, வராந்தா பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். “பன்னெண்டு வருஷமா ஊர் ஊராப் போய் நர்ஸுங்களுக்கு ஃபோன்ல பரிசோதனைப் பதிவு போடக் கத்துக்குடுத்தவ நீ. உனக்கு இவங்க என்னடி சொல்லித்தரப் போறாங்க?”

“பட்டம் இல்லாம மேல ஏத்த மாட்டாங்கக்கா. ஆப் திறக்கலன்னு கூப்பிடறவங்களுக்குப் பதில் சொல்லியே என் காலம் போயிடும்.”

“போகட்டும். எனக்குக் காலே போச்சு.”

பின்தங்கிய நாடுகளின் வளர்ச்சிக்குத் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தரும் முதுகலைப் படிப்பு. துறைப் பேராசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் விண்ணப்பத்தையே வாங்குவார்கள். இந்தப் பேராசிரியர் என் வயதைக் கேட்கவில்லை. “களத்துல அலைஞ்சவங்கதான் எனக்கு வேணும்” என்று பேனா மூடியைத் திறந்தார். எனக்கு உயிர் வந்தது.

கையெழுத்துக்கு முன்னால் தன் ஆய்வைக் காட்ட ஆசைப்பட்டார். கணினியில் ஒரு வரைபடம் விரிந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, நான் வேலை செய்யும் மலைப்பகுதி. நடுவில் சிவப்புப் புள்ளிகள் ஈ மொய்த்த மாதிரி.

“ஒரு வருஷத்துல நாலாயிரம் கர்ப்பிணிப் பரிசோதனை. முக்கால்வாசி இந்த ஒரே இடத்துல! பெண்கள் தானா வந்து கூடுற இடம். புது சுகாதார நிலையத்தை இங்கதான் கட்டச் சொல்லியிருக்கேன்.”

அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, அதற்கு ஒரு படிக்கட்டு இருக்கிறது. வேறு ஒரு மண்ணும் இல்லை.

பேனா மூடி திறந்தே இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், எனக்கு இடம் உறுதி. ஆனால் மலைமேல் இருக்கும் குடியிருப்புகளிலிருந்து அந்தத் தொட்டிக்கு இரண்டு மணி நேர இறக்கம். நிறைமாத வயிற்றோடு யார் இறங்குவாள்?

“சார், அங்க கர்ப்பிணி யாரும் வர்றதில்ல” என்றேன். “நர்ஸுங்கதான் வர்றாங்க. அந்தப் படிக்கட்டுல மட்டும்தான் டவர் கிடைக்கும். வேற இடத்துல போட்டா பாதியிலேயே பதிவு அழிஞ்சிடும். அதனால வீட்டுல பரிசோதிச்சு நோட்டுல எழுதிட்டு, அங்க வந்து ஃபோன்ல ஏத்துவாங்க. ஃபோன் ஏத்துன இடத்தைத்தான் குறிச்சுக்கும்.”

“பார்த்த இடத்துலயே போடணும்கிறதுதானே விதி? யார் இப்படிச் செய்யச் சொன்னது?”

“நான்தான்.”

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காயை ஏட்டில் வரைந்ததே நான்தான்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. பேனாவை மெதுவாக மூடினார்.

“அறிக்கை போயாச்சும்மா. அடுத்த வாரம் அஸ்திவாரம் தோண்டறாங்க. நிறுத்தணும்னா காரணம் வேணும். நடந்ததை உங்க பேரோட எழுதித் தருவீங்களா?”

“தந்தா நிறுத்திடுவாங்களா?”

“நான் நிறுத்துவேன். ஆனா பதிவைக் கெடுத்தேன்னு எழுதிக்குடுத்தவங்களை நானே சிபாரிசு பண்ண முடியாது. உங்க வேலைக்கும் நான் பொறுப்பு சொல்ல முடியாது. யோசிச்சுக்கங்க.”

யோசிக்கத் தெம்பில்லை. யோசித்தால் எழுத மாட்டேன் என்ற பயமும் இருந்தது. அரைப் பக்கம் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். அவர் என் எதிரிலேயே தொலைபேசியை எடுத்து, கட்டட வேலையை நிறுத்தி வைக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் அக்கா அவசரமாகச் செருப்பைத் தேடினாள். “என்னடி, கையெழுத்துப் போட்டாரா?”

“நான் போட்டுட்டேன்க்கா” என்றேன். அழுகை வந்துவிட்டது.