4417-க்கு ஓர் இழுப்பு

தனபாலின் இடது கண் போனது ஒரு கேட்டலாக்கால். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். பீளமேட்டில் திருமூர்த்தி வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடுகிற அந்த நான்கு பேரை அறிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மாடல் எஞ்சினுக்குப் பதினெட்டாயிரம் கொட்டிக் கொடுத்துவிட்டு, கூரையில் ஒரு கம்பி தப்பாக வளைந்திருக்கிறது என்று ஒரு வாரம் சோறு இறங்காமல் திரிகிற ஜனங்கள் அவர்கள். பொம்மை ரயில் என்று அவர்கள் காதுபட யாராவது சொன்னால் அந்த வீட்டில் அவருக்கு அடுத்த காபி கிடையாது.

திருமூர்த்தி லேத் பட்டறை முதலாளி. மாடி முழுக்க மேஜை போட்டுத் தண்டவாளம் விரித்து வைத்திருந்தார். புவனா இன்ஜினியரிங் காலேஜில் பாடம் நடத்துகிறவள். தனபாலுக்குத் தாராபுரத்தில் தென்னந்தோப்பும் எண்ணெய் மில்லும். நான்காவது ஆள் கதிர், போத்தனூரில் நிஜ ரயில் ஓட்டுகிறவன். தனபால் எல்லோருக்கும் வாய் நிறைய ‘ங்க’ போடுவான். கதிருக்கு மட்டும் ‘ப்பா’. கதிரின் அப்பா தோப்புகளில் தேங்காய் உரித்தவர் என்பது தனபாலுக்குத் தெரியும். கதிர் அந்த ‘ப்பா’வைக் கேட்டும் கேட்காதது மாதிரி இருந்துவிடுவான்.

அன்றைக்குப் புது கேட்டலாக் வந்திருந்தது. கூடவே புது மாடல்களில் ஒவ்வொன்று பெட்டியோடு வந்திருந்தது. கிளப்புக்கு ஓர் எண்ணில் ஒரே எஞ்சின்தான்; வேண்டுகிறவர் அன்றே எடுத்துக்கொள்ளலாம்.

“பச்சை டீசல் வாங்கறதா, பால் டாங்க் வேகன் அஞ்சு வாங்கறதான்னு மண்டை காயுதுங்க” என்றாள் புவனா.

“டீசலை உடுங்க அம்மணி. வீல் பாத்தீங்களா? எங்க பட்டறையில கடைசல் புடிக்கற புதுப் பையன்கூட இப்படிக் கோணலாப் போட மாட்டான்” என்றார் திருமூர்த்தி.

ஏழாம் பக்கத்தைப் புரட்டிய கதிரின் விரல் அங்கேயே நின்றது. சிவப்பு மின்சார எஞ்சின். நெற்றியில் வெள்ளை எழுத்தில் 4417.

நான்கு மாதத்துக்கு முன்பு, போத்தனூருக்குத் தெற்கே ஒரு வளைவில், அந்த எஞ்சினை ஓட்டி வந்தவன் அவன்தான். பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் தண்டவாளத்தின் நடுவே வந்து நின்று அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஹார்னை விடாமல் அடித்தான், அவசர பிரேக்கை முழுக்கப் போட்டான். ரயில் நிற்க அறுநூறு மீட்டர் ஆயிற்று. இறங்கிப் போய்ப் பார்த்தவன் அந்த முகத்தைத் தேடி ரொம்ப தூரம் நடக்க வேண்டியிருந்தது. டிரைவர் மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார்கள். அவள் யார், எந்த ஊர் என்று கடைசிவரை தெரியவில்லை. கேட்டு வந்தவர்களும் யாருமில்லை.

அன்றிலிருந்து அவன் வண்டி ஏறவில்லை, ஆபீசில் பைல் பார்த்தான். நாளை திங்கட்கிழமை மறுபடி டூட்டி. இந்த 4417ஐ வீட்டுக்குக் கொண்டுபோய், கல்லில் வைத்து, சம்மட்டியால் தூள் தூளாக அடித்துவிட்டால் நாளைக்கு வண்டி ஏறிவிடலாம் என்று அந்த நிமிஷத்தில் அவனுக்குத் தோன்றிவிட்டது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் நான்கு மாதம் தூங்காதவனுக்கு அது ஒன்றுதான் வழியாகப் பட்டது. அந்த எஞ்சினை ஓட்டியவன் தான்தான் என்று அவன் அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

“நாலாயிரத்து நானூத்திப் பதினேழு எனக்குங்க” என்றான் கதிர்.

“அது எனக்கு” என்றான் தனபால், கேட்டலாக்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரே எண்ணை இருவர் கேட்டால் அந்தக் கிளப்பில் ஏலம் கிடையாது, குலுக்கல் கிடையாது. இழுப்புதான். இருவரும் ஆளுக்கொரு எஞ்சினைக் கொண்டுவந்து பின்பக்கத்தோடு பின்பக்கம் கோத்து நேர்த் தண்டவாளத்தில் நிறுத்த வேண்டும். ஆளுக்கொரு மின்சாரப் பெட்டி, அதில் வேகம் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். மற்றவன் எஞ்சினை வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் இழுத்துப் போகிறவனுக்கு மாடல். நடுவில் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினால் தோற்றவன்.

தனபால் எடுத்த எடுப்பில் குமிழை முழுக்கத் திருப்பினான். அவன் எஞ்சினின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று பொறி கக்கின. கதிர் நிஜ ரயிலைக் கிளப்புகிற மாதிரி மெல்ல மெல்ல ஏற்றினான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற இரண்டு எஞ்சின்களில் கதிருடையது ஓர் அங்குலம் நகர்ந்தது, பிறகு இன்னோர் அங்குலம். மோட்டார் கருகுகிற வாடை எழுந்தது. கோட்டுக்கு இன்னும் நான்கு விரற்கடைதான் இருந்தது.

தோற்கப்போகிறவனுக்கு வாய் நீளும். “உனக்கெதுக்குப்பா இந்த நம்பரு?” என்றான் தனபால். “எனக்குன்னா காரணம் இருக்குது. இது ஆள் மேல ஏறுன வண்டி. பேப்பர்ல வந்த போட்டோவை வெட்டி வெச்சிருக்கறேன். கண்ணாடி அலமாரில இந்த மாதிரி இன்னும் மூணு வண்டி நிக்குது, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல பேப்பர் கட்டிங்கோட. எப்பேர்ப்பட்ட கலெக்‌ஷன் தெரியுமா?”

“ஏனுங்க, பேச்சைப் பாரு” என்று முகம் சுளித்தாள் புவனா.

“நெசமாத்தானுங்க. பச்சைச் சேலை கட்டுன பொம்பளை, நடு டிராக்குல நின்னுச்சாமா. டிரைவர் தூங்கிப்போட்டானாட்டம் இருக்குது, ஹார்ன்கூட அடிக்கலியாமா.”

பச்சைச் சேலை என்ற சொல் காதில் விழுந்ததும் கதிரின் கை தானாகக் குமிழைப் பிடித்து ஒரே இழுப்பில் பூஜ்யத்துக்குக் கொண்டுபோயிற்று. வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். அந்தக் கைக்கு அது குமிழ் இல்லை, பிரேக். அவன் எஞ்சின் செத்து நின்றது. தனபாலின் எஞ்சின் அதைத் தரதரவென்று மறுபக்கக் கோட்டைத் தாண்டி இழுத்துப் போயிற்று.

“நீயே நிறுத்திப்போட்டயேப்பா!” தனபால் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

அதோடு விட்டிருந்தால் கண் பிழைத்திருக்கும். ஜெயித்த குஷி அவனை விடவில்லை. 4417ஐப் பெட்டியிலிருந்து எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தான். திருமூர்த்தியின் குட்டி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நிற்க வைத்திருந்த பிளாஸ்டிக் மனிதர்களில், விரல் நகம் உயரப் பெண் பொம்மை ஒன்றைப் பிடுங்கித் தண்டவாளத்தின் நடுவே நிறுத்தினான். சேலைக்குப் பச்சை இல்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டே குமிழைத் திருப்பினான்.

“இப்படித்தான் நின்னுருக்கும்” என்றான். “இந்தா வாரேன், வாரேன், வாரேன்...”

பொம்மை டக்கென்று முறிந்தது. தலை உருண்டு தரையில் விழுந்தது.

கதிர் மேஜைமேல் இருந்த மின்சாரப் பெட்டியை ஒயரோடு பிடுங்கினான். மூன்று கிலோ இரும்பு. அதைத் தனபாலின் வாயில் இறக்கினான். உதடு கிழிந்து இரண்டு பல் மேஜைமேல் தெறித்தன. தனபால் நாற்காலியோடு சாய்ந்தான். கதிர் அவன் மார்பில் முழங்காலை ஊன்றி மறுபடி அடித்தான், மூக்கு உடைகிற சத்தம் அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. திருமூர்த்தி பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். உதறியதில் அவர் போய் மேஜைமேல் விழ, பாலமும் ஸ்டேஷனும் சரிந்து நொறுங்கின. புவனா கதிரின் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். அவனுக்கு அது உறைக்கவே இல்லை.

“ஹார்ன் அடிச்சேன்டா!” என்று கத்தினான் கதிர். “அடிச்சேன்! நாந்தான்டா அந்த டிரைவரு! விடாம அடிச்சேன்!”

அடிபட்டவனுக்கு அப்போதுதான் புரிந்தது. ரத்தம் கொப்பளிக்கிற வாயால் அவன் முதல் தடவையாகக் கதிருக்கு மரியாதை கொடுத்தான்.

“தெரியாதுங்க... சத்தியமாத் தெரியாதுங்க. வேண்டாங்க, உட்ருங்க...”

தனபால் கீழே கிடந்து நிமிர்ந்து பார்த்தான். கதிரும் பார்த்தான். கெஞ்சுகிற முகம் தெளிவாகத் தெரிந்தது. ஓங்கிய கை ஓங்கினபடியே ஒரு கணம் நின்றது. நிறுத்திவிடலாம் என்று அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தே இறக்கினான். பெட்டியின் மூலை இடது கண்ணில் பாய்ந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், போலீஸ் வந்து கதிரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போயிற்று. பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சட்டையில் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. அவனுக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. நான்கு மாதத்தில் முதல் தடவையாகத் தூக்கம் வந்தது, அதை நினைத்து அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் திருமூர்த்தி வந்தார். நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தணித்துக்கொண்டார்.

“கண்ணு போயிருச்சு கதிரு. டாக்டர் சொல்லிப்போட்டாரு. ஆனா நீ பயப்படாதே. தனபால்கிட்ட எல்லாஞ் சொன்னேன். ஒரே அழுகை. மாடிப்படியில தவறி உழுந்துட்டேன்னு எழுதிக் குடுத்துப்போட்டான். நானும் புவனாவும் அதையே சொல்லியிருக்கறோம். எந்திரி, ஊட்டுக்குப் போலாம். உன்ற சம்சாரம் இளவேனில் காத்துட்டிருக்குது.”

பையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து அவன் மடியில் வைத்தார். உள்ளே 4417. “உங்கிட்டக் குடுக்கச் சொன்னான்.”

கதிர் பெட்டியைத் திறக்கவில்லை. அதைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு எழுந்து இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் போனான். திருமூர்த்தி கையைப் பிடித்து இழுத்தார், விலக்கிவிட்டான்.

“அவரு படியில உழுகலீங்க சார். நாந்தான் அடிச்சேன். எழுதிக்குங்க.”

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். “அடிபட்டவரே இல்லைங்கறாரு. சாட்சி ரெண்டு பேரும் இல்லைங்கறாங்க. உனக்கென்னய்யா? போய்யா ஊட்டுக்கு.”

“நாலு மாசத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு என் வண்டில அடிபட்டுச்சுங்க. எம்மேல தப்பில்லைன்னு மூணு பேரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. அது நெசந்தானுங்க. பிரேக் போட்டேன், வண்டி நிக்கல.” அவன் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “இன்னிக்கும் அப்படி எழுதிப்போடாதீங்க சார். இன்னிக்கு நின்னுருக்கலாமுங்க. நாந்தான் நிறுத்தல.”