இரண்டு இன்ச் லூஸ்

நடிகையின் இடுப்பு முப்பத்திநாலு இன்ச் என்று காலையில் ஒரு சினிமா இணையதளம் எழுதியது. பத்து மணிக்குள் ஊரே அளவு நாடாவும் கையுமாக நின்றது. கல்யாணமே ஆகாதவளுக்கு எத்தனையாவது மாதம் என்று ஒருத்தன் கேட்டிருந்தான். தன் தொப்பையை ஒருதரம் குனிந்து பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

தையற்காரியைப் பயமுறுத்தியது செய்தியின் கடைசி வரி: ‘தையல் வட்டாரத்தில் கிடைத்த தகவல்.’ அந்த நடிகைக்குப் பன்னிரண்டு வருஷமாக அவள் ஒருத்திதான் தைக்கிறாள். பதினாறு வயதில் முதல் படத்துக்கு அளவெடுத்ததும் அவள்தான். அளவை வெளியே விடாதவள் என்ற பேரில்தான் கடையே ஓடுகிறது. அந்தப் பேர் போனால் மெஷினை மூடிப் போட வேண்டியதுதான். சாயங்காலம் அளவு நோட்டோடு வீட்டுக்கு வரச் சொல்லி நடிகையின் அம்மா போன் செய்துவிட்டாள்.

கடையில் அவளைத் தவிர இருப்பது நாத்தனார் மட்டும். பட்டன் கட்டுவாள், ஓரம் அடிப்பாள், மிச்ச நேரமெல்லாம் போனைத் தேய்ப்பாள். போன வாரத்திலிருந்து காலில் புதுச் செருப்பு வேறு. தையற்காரியின் மனம் அந்தச் செருப்பையே சுற்றிச் சுற்றி வந்தது. சந்தேகம் வந்துவிட்டால் செருப்புகூடச் சாட்சி சொல்லும்.

“நோட்டை யாருக்காவது காட்டினியா?”

நாத்தனார் ஊசியை நிறுத்தினாள். “என்ன அண்ணி கேக்கறீங்க?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு. இந்தச் செருப்பு ஏது?”

“எங்கண்ணன் வாங்கிக் குடுத்தது. போய் உங்க புருஷனையே கேளுங்க.” நோட்டை எடுத்து மேஜைமேல் பொத்தென்று போட்டாள். “கண்ணைத் தொறந்து பாருங்க. இதுல முப்பத்திரண்டு. நான் வித்திருந்தா முப்பத்திரண்டுன்னுல்ல வந்திருக்கும்? முப்பத்திநாலு நாம அவங்களுக்குத் தைச்ச புதுக் கவுனோட அளவு. ரெண்டு இன்ச் லூஸ் விட்டது நீங்கதானே? தைச்ச துணியை அளந்துட்டு அதுதான் உடம்புன்னு எந்தத் தையக்காரியாவது சொல்லுவாளா?”

செருப்பைப் பற்றிக் கேட்ட வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது தையற்காரிக்கு. உட்கார, மூச்சு விட என்று உடம்பளவுக்கு மேல் இரண்டு இன்ச் விடுவது தொழில் தெரியாதவர்களுக்கு எங்கே தெரியும்? கவுன் நாலு நாளைக்கு முன்பே நடிகை வீட்டுக்குப் போய்விட்டது. படப்பிடிப்புக்கு வெளியூர் போயிருந்த நடிகை நேற்றுதான் திரும்பினாள். கவுனை வாங்கி அலமாரியில் மாட்டியது அம்மா.

வேலியே பயிரை மேய்ந்ததா? ஆனால் இதைச் சொன்னால் தையற்காரியின் குட்டும் உடையும். நாடாவைப் பிடித்து “முப்பது” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, நோட்டில் முப்பத்திரண்டு என்று எழுதுவது அவள் வழக்கம். ஒருதரம் உண்மையைச் சொன்னதற்கு அந்தப் பெண் மூன்று நாள் வெந்நீரை மட்டும் குடித்து மயங்கி விழுந்தது. அன்றிலிருந்து இந்தப் பொய்.

சாயங்காலம் நடிகை வீட்டுக் கூடத்தில் ஒரு விளம்பரத் தட்டியைச் சுவரோரம் திருப்பிச் சாய்த்திருந்தார்கள். அம்மா நாற்காலியிலிருந்து எழவில்லை; பக்கத்தில் மகளும் உட்கார்ந்திருந்தாள்.

“முப்பதுன்னு சொல்லித்தானே அளந்தே? நாலு கூட்டி வித்துட்டியா?”

சொந்த மகளைப் பற்றிய பேச்சில் அம்மாவின் கண் ஏன் அடிக்கடி அந்தத் தட்டிப் பக்கம் போகிறது என்று தையற்காரி யோசித்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்? நோட்டை அவள் அம்மாவிடம் கொடுக்கவில்லை. மகளிடம் கொடுத்தாள்.

“பாப்பா, இத்தனை வருஷமா உன்கிட்ட ரெண்டு இன்ச் குறைச்சுச் சொல்லியிருக்கேன். நீ சாப்பிடணும்னுதான். உன் இடுப்பு முப்பத்திரண்டு. முப்பத்திநாலுங்கறது உன் அலமாரியில தொங்கற கவுன்.”

நடிகை நோட்டை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் எழுந்து, அம்மாவின் கண் போன பக்கம் போய்த் தட்டியைத் திருப்பினாள். அவள் படம், கையில் உடம்பு இளைக்கும் பவுடர் டப்பா ஒன்று, கீழே பெரிய எழுத்தில்: ‘தொண்ணூறே நாளில் நாலு இன்ச் குறைந்தேன்!’

“உன் நல்லதுக்குத்தான்டி,” என்றாள் அம்மா. “முப்பத்திநாலுன்னு முதல்ல நாலு பேர் பேசணும். அப்பத்தானே குறைஞ்சதும் எப்படின்னு கேப்பாங்க?”

“என்னை அளந்து பார்க்கணும்னுகூட உனக்குத் தோணலையாம்மா? கவுனை அளந்திருக்கே.”

நடிகை தையற்காரியின் முன் வந்து இரண்டு கையையும் தூக்கி நின்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் வயிற்றை எக்கவில்லை.

“அளங்கக்கா. இந்தத் தடவை நிஜத்தைச் சொல்லுங்க. சத்தமா.”

தையற்காரி நாடாவைச் சுற்றினாள். “முப்பத்திரண்டு.”

“அம்மா, எழுதிக்கோ,” என்றாள் மகள். “இதையும் அந்தச் செய்தி போட்டவங்களுக்கு அனுப்பு. யார் சொன்னதுன்னு கேட்டா, என் பேரைச் சொல்லு.”