வெள்ளைப் படிவு

காலை ஏழே கால். ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தாள். அடியில் தெரிந்த இடைவெளியில் ஒரு காரின் முன்சக்கரம் வந்து நின்றது. சக்கரத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அப்பாவின் கார்.

அவள் தனியாகப் பட்டறை வைத்து ஆறு வருடம் ஆகிறது. அப்பா ஒருமுறையும் வந்ததில்லை. அவருடைய பட்டறை இரண்டு தெரு தள்ளித்தான்.

அவர் இறங்கினார். குனிந்து வரவில்லை. அவள் ஷட்டரை முழுதாகத் தூக்கும்வரை நின்றார்.

"என்ஜின் லைட் எரியுது."

"உங்க பட்டறையில பாக்க ஆள் இல்லையா?"

"உன் தம்பி மூணு ஆக்சிஜன் சென்சார் மாத்திட்டான். மாத்தின புதுசுல நல்லா ஓடுது. அப்புறம் மறுபடியும் லைட்டு."

"என்னவாம்?"

"சாமான் டூப்ளிகேட்டாம். வீட்டு வண்டியவே பாக்கத் தெரியாதவன் ஊரான் வண்டிய என்னத்தப் பாப்பான்? நேத்து சாவிய வாங்கிக்கிட்டு வெளிய போடான்னுட்டேன்."

அவள் நாற்காலியைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் உட்காரவில்லை. சுவரில் வரிசையாகத் தொங்கிய ஸ்பானர்களைப் பார்த்தார்.

"நீ கண்டுபிடி. பட்டறை உனக்குத்தான்."

பதினாலாம் நம்பர் ஸ்பானரை எடு என்பதுபோல் சொன்னார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இரண்டு தெரு தள்ளிக் கடை எடுத்திருந்தாள். காதில் விழாததுபோல, கோளாறு காட்டும் ஸ்கேனரைக் காரில் மாட்டினாள்.

புகைக்குழாயில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று சென்சார் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு என்ஜின் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். சென்சார் நன்றாக இருந்தால் திரையில் கோடு ஓயாமல் ஏறி இறங்கும். இங்கே கோடு சோம்பிக் கிடந்தது. ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தாள். என்ஜின் உறுமி அடங்கிய பிறகுதான் கோடு நகர்ந்தது.

"சென்சார்தான் போச்சு," என்றார் அப்பா. "அது எனக்கே தெரியும்."

"ஏன் போச்சுன்னு தெரியுமா?"

அவர் பானெட்டைத் தூக்கி நிறுத்தினார்.

வயரைப் பார்த்தாள். எர்த்தைப் பார்த்தாள். சரியாக இருந்தன. சூடு தணியக் காத்திருந்து சென்சாரைக் கழற்றினாள். பெட்ரோல் அதிகம் எரிந்திருந்தால் நுனியில் கரி இருக்கும். இந்த நுனி வெள்ளையாக இருந்தது. சாக்பீஸ் தூள் அப்பியதுபோல.

என்ஜினின் மேல்மூடியைச் சுற்றிக் கையை ஓட்டினாள். மூடியின் விளிம்பெங்கும் பசை பிதுங்கிக் காய்ந்திருந்தது. டிக்கியைத் திறந்தாள். பாதி பிழிந்த டியூப் கிடந்தது. ஜன்னல் கண்ணாடி ஒட்டுகிற பசை. டியூபின் மூடியைத் திருகியதும் வினிகர் நெடி அடித்தது. சின்ன வயதில் அப்பா வேலை முடிந்து வரும்போது அவர் சட்டையில் அடித்த நெடி.

"மூடி ஒழுகுதுன்னு தம்பி இதத் திரும்பத் திரும்பப் பூசியிருக்கான். இது விடுற ஆவி என்ஜினுக்குள்ள போய் எரிஞ்சு, வெள்ளையா சென்சார் மேல படியுது. புதுசு போட்டாலும் அதே கதிதான்."

அப்பாவின் பட்டறையில் வேலை பார்த்தபோது இதை ஏற்கெனவே ஒருமுறை அவரிடமே சொல்லியிருக்கிறாள். கண்ணாடிப் பசையை என்ஜினில் பூசாதீங்க, சென்சார் செத்துடும் என்று, வண்டிக்காரர் ஒருவர் நிற்கும்போது. முளைச்சு மூணு இலை விடல, எனக்குப் பாடமா என்றார் அப்பா. அன்று மதியமே அவளுடைய டூல் பெட்டி வாசலில் இருந்தது. தம்பி அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதன் பிறகு அவன் அப்பாவை எதுவும் கேட்டதில்லை. கொடுத்த பசையைப் பூசினான்.

அப்பா சென்சாரை வாங்கி நுனியைச் சட்டையில் தேய்த்தார். போகவில்லை.

"இவ்வளவா பூசச் சொன்னேன்?"

"கொஞ்சமா பூசினா கொஞ்சம் மெதுவா சாகும்."

"எகத்தாளம் மட்டும் குறையல உனக்கு."

"அவன் உங்க பேச்சைத் தட்டலப்பா. அதுக்குப் போய் வெளிய அனுப்பிட்டீங்க. போன் போட்டு வரச் சொல்லுங்க."

அவர் இப்போதுதான் உட்கார்ந்தார்.

"அவன்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். அவனுக்கு வேலை தெரியலன்னே இருக்கட்டும். பசைதான் காரணம்னு வெளிய வந்தா, இத்தனை வருஷமா என்கிட்ட வண்டி விட்டவன்லாம் என்ன நினைப்பான்?"

"தம்பி என்ன நினைப்பான்?"

"வயசு இருக்கு. எங்கயாவது பொழைச்சுப்பான்."

"நான்கூட அப்படித்தான் பொழைச்சேன்."

"அதான் இப்ப கூப்பிடுறேன்ல."

சட்டைப் பையிலிருந்து பட்டறைச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். சாவியின் தலையில் சிவப்பு டேப், தம்பி சுற்றியது. அது பிரிந்த இடத்தில் அடியில் நீல டேப் தெரிந்தது. அது அவள் சுற்றியது.

"நாளைக்கே வந்துடு. தம்பி பேச்சை எடுக்காத. வண்டியச் சரி பண்ணது நீதான்னு நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்."

அவள் கையைத் துடைத்தாள். டியூபை மூடித் திருகி, சாவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வந்தா எந்தப் பசையப்பா பூசணும்?"