மூன்றாவது அத்தியாயம்

காலை ஏழு இருபது. பேராசிரியையின் காப்பி ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. திரையில் வெளிநாட்டு மாணவன் ஒருவனின் கேள்வி: மூன்றாவது அத்தியாயம் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லையே?

சொல்லியிருந்தார். 'இது தேவையில்லை, எடுத்துவிடு' என்று எழுதியது நன்றாக நினைவிருந்தது. தேடினார். அந்தக் குறிப்பு வேறொரு நாட்டில் இருக்கும் மாணவியின் ஆய்வேட்டில் கிடந்தது. அதன் கீழே மாணவியின் பதில்: 'சரி மேடம், நன்றி.' அத்தியாயம் இல்லை. இரண்டாவதற்குப் பிறகு நான்காவது, எண் மாற்றப்பட்டு, மூன்றாவதாக நின்றது.

ஐந்து மாணவர்கள், நான்கு நாடுகள். ஐவரின் கோப்புகளும் ஒரே வடிவமைப்பில், திரையில் அடுத்தடுத்துத் திறந்திருந்தன.

"அஞ்சு அடுப்பையும் ஒண்ணாப் பத்தவச்சா ஒரு பானையில உப்பு ரெண்டு தடவை விழத்தான் செய்யும்" என்றார் கணவர், சட்டைக்குப் பித்தான் போட்டபடி. "கைதவறிடுச்சுன்னு சொல்லிடேன்."

"யாரோடதுன்னே பார்க்காம எழுதினேன்னா சொல்றது?"

அவர் செருப்பைத் தேடப் போனார்.

மாலைக்குள் மாணவியின் ஆய்வேடு அந்த நாட்டு இணை நெறியாளருக்குப் போயாக வேண்டும். பழைய பிரதி எங்கும் போய்விடவில்லை. ஒரு சொடுக்கில் மீட்டுவிடலாம். மாணவியிடம் காரணம் சொல்வதுதான் பாக்கி. அத்தியாயத்தில் பேராசிரியைக்குத் தெரிந்தது தலைப்பு மட்டும்: மருத்துவமனைச் சலவைக்கூடத்துப் பெண்கள்.

காணொளியில் அழைத்தார். மாணவி நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த மூணாவது அத்தியாயத்தைத் திரும்பச் சேர்த்திடும்மா."

"நிஜமாவா மேடம்?"

"மறுபடி யோசிச்சேன். நல்லாத்தான் வந்திருக்கு. இருக்கட்டும்."

மாணவி சிரித்தாள். பிறகு முகத்தைத் திருப்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எட்டு மாசம் அந்தச் சலவைக்கூடத்துலேயே கிடந்தேன் மேடம். எடுத்துடுன்னு பார்த்ததும் கையே ஓடலை. ஆனா நீங்க சொன்னா ஏதோ இருக்கும்னு எடுத்துட்டேன். ஏன்னு கேட்கக்கூடத் தோணலை."

"ம்."

பேராசிரியை பழைய பிரதியைச் சொடுக்கினார். வெள்ளைத் திரையின் நடுவில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு மேல், மூலையில், மாணவியின் முகம் இன்னும் ஈரமாக, கேமராவுக்கு நெருங்கி வந்தது.

"மேடம், அதுல உங்களுக்கு எந்த இடம் பிடிச்சுது?"