உப்புச் சாடியோடு இறங்கியவர்கள்

எங்கள் வீடு எத்தனையாவது மாடியில் இருக்கிறது என்பது காலை ஒன்பதே காலுக்கு மணி அடித்தால்தான் தெரியும்.

மேகவர்ணா பம்புசெட் கம்பெனியின் பங்கு வாங்கியவர்களுக்கெல்லாம் கோயம்புத்தூரில் ஒரே வராந்தாவில் வீடு. முப்பத்தெட்டு கதவுகள். பங்கு விலை ஏறினால் வராந்தா ஏறும். இறங்கினால் இறங்கும். பிற்பகல் மூன்றரைக்கு இன்னொரு மணி அடிக்கும். அதற்குப் பிறகு நின்ற இடத்தில் நிற்கும். சனி, ஞாயிறு அசையாது. திரைச்சீலைகளை அன்றைக்குத்தான் துவைப்போம்.

நான் டெலிபோன் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கைக்கு வந்ததையெல்லாம் போட்டு வாங்கிய வீடு இது. வாங்கும்போது ஒன்பதாவது மாடி. என் வீட்டுக்காரர் ஆறுக்குட்டி பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். கழுத்தை மட்டும்தான் அவரால் திருப்ப முடியும். கட்டிலை ஜன்னலோரம் போட்டேன். வராந்தா பன்னிரண்டாவது மாடிக்குப் போன அன்று ஜன்னலில் மருதமலை வந்தது. அவர் கழுத்தை அந்தப் பக்கம் திருப்பினார். அப்படியே வைத்துக்கொண்டார்.

அந்த ஜன்னலுக்காகத்தான் கண்ணுகளா, இத்தனையும்.

வராந்தாவின் கிழக்குக் கோடியில் எட்டு வீடுகள் கம்பெனி டைரக்டர்களுடையவை. கடைசிக் கதவு சேர்மன் வெள்ளிங்கிரியுடையது. என் வீடு மேற்கே, படிக்கட்டை ஒட்டி. யார் இறங்கினாலும் என் வாசலைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை டைரக்டர் ஒருவர் என் வாசலைத் தாண்டினார். கையில் உப்புச் சாடி. பின்னால் அவர் மனைவி, சாமி படமும் மஞ்சளும் நிறைகுடமுமாக.

உப்பும் மஞ்சளும் எப்போது வீட்டை விட்டு இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். வேறு வீட்டில் பால் காய்ச்சுகிறபோதுதான்.

"வாக்கிங்குங்க" என்றார் அவர்.

நான் எங்கே என்று கேட்கவில்லை. கிளம்புகிறவரை அப்படிக் கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. தவறிப்போய்க் கேட்டுவிட்டால், அவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். எங்கள் ஊரில் இதை யாரும் மீறியதில்லை.

"போய்ட்டு வாங்க" என்றேன்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் வாக்கிங் போனார்கள். புதன் இரண்டு பேர். வியாழன் இரண்டு பேர். எல்லோர் கையிலும் உப்புச் சாடி. எல்லோருக்கும் போய்ட்டு வாங்க என்றேன்.

கீழே பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கவுண்டரில் சாவியைக் கொடுத்ததும் கதவு இருந்த இடம் சுவராகிவிடும். சுவருக்கு முன்னால் காலையில் போட்ட கோலம் மட்டும் கிடக்கும். ஏழு கோலங்கள் கிடந்தன. சுற்றிக்கொண்டு நடந்தோம். கோலத்தை மிதிக்கலாமா?

வராந்தா அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. பதின்மூன்றாவது மாடி.

வெள்ளிங்கிரி தினமும் நாலு மணிக்கு மைக்கோடு வராந்தாவில் நிற்பார். எதிர்காலம் பற்றிப் பேசுவார். பக்கத்து வீட்டு நாச்சிமுத்து ஒரு நாள் எழுந்து கேட்டார்.

"ஏனுங் சேர்மன், ஏழு கதவக் காணமுங்களே?"

"காத்தோட்டத்துக்கு எடுத்திருக்கறமுங்க."

"அங்க செவுரல்லங்க இருக்குது?"

"இது புது மாதிரி காத்தோட்டமுங்க. நீண்ட காலம் இருக்கறவங்களுக்குத்தான் காத்து வரும்."

நாங்கள் கை தட்டினோம். நானும் தட்டினேன். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை பேப்பரில் வந்தது. மேகவர்ணா பம்பு எதிலும் தண்ணீர் ஏறவில்லை. மூன்று வருஷமாகவே ஏறவில்லையாம். ஒன்பதே காலுக்கு மணி அடித்தது. அடுப்பில் இருந்த சாம்பார் ஒரு கணம் பாத்திரத்தை விட்டு மேலே நின்றது. பிறகு பாத்திரத்துக்குள் விழுந்தது.

"மயிலு, மலையக் காணம்" என்றார் வீட்டுக்காரர்.

"வேற என்னங்க தெரியுது?"

"தென்னமரத்துத் தலை."

செவ்வாய்க்கிழமை காலையில் கேட்டேன்.

"டவுன் பஸ்ஸோட மண்டை" என்றார். "ரெண்டு கோணி மூட்ட கெடக்குது அது மேல."

நாச்சிமுத்து மட்டும் உற்சாகமாக இருந்தார். வராந்தா இறங்க இறங்க ஒவ்வொரு பால்கனியாக வாங்கிக்கொண்டிருந்தார். "எறங்கறப்ப வாங்குனாத்தான் அக்கா சராசரி வெல கொறையும்" என்றார். அவரிடம் பதினோரு பால்கனி சேர்ந்துவிட்டது. உள்ளே சமையலறைக்கு இடமில்லை. பால்கனியில் நின்று பால்கனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் சாவியைக் கவுண்டரில் நீட்டினேன். வாங்கவில்லை. டைரக்டர் சாவிக்குத்தான் மாட்ட ஆணி இருக்கிறதாம்.

புதன்கிழமை புகார் ஆபீசுக்குப் போனேன். அங்கே நடை நடக்க நடக்க நீண்டது. இடது செருப்பு தேய்ந்து தீர்ந்த இடத்தில் ஒரு மேஜை வந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்கம்மா?"

"வராந்தா எறங்கப்போறது எனக்கு முன்னாடியே தெரியலீங்க. அவிய ஏழு பேருக்கும் தெரிஞ்சிருக்குது."

"உங்களுக்குத் தெரியலைங்கறதுக்கு அத்தாட்சி?"

"தெரியாததுக்கு எப்படிங்க அத்தாட்சி இருக்கும்?"

"அவங்க ஏழு பேரும் குடுத்திருக்காங்களே. எதுவுமே தெரியாதுன்னு, முத்திரையோட."

"உப்புச் சாடியோட போனாங்க. நானே கண்ணால பாத்தனுங்க."

அவள் பேனாவைத் திறந்தாள்.

"பாத்தீங்களா? அப்ப முன்னாடியே தெரிஞ்சவங்க லிஸ்ட்டுல உங்க பேரத்தான் எழுதணும்."

எழுதினாள். அழகான கையெழுத்து. அந்த லிஸ்ட்டில் வேறு பெயர் இல்லை.

"எங்க போறீங்கன்னு கேட்டீங்களா?" என்றாள்.

"கெளம்பறவங்கள அப்படிக் கேப்பாங்களாங்க?"

"கேக்க மாட்டாங்க. அவங்களும் அதத்தான் எழுதிக் குடுத்திருக்காங்க. யாரும் கேக்கல, கேட்டிருந்தா சொல்லியிருப்போம்னு."

கோபம் வந்தால் எனக்குக் காது மடல் சுடும். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், ஈரக் கைக்குட்டையை என் காதில் போட்டுக் காயவைத்துக்கொண்டாள். நன்றி சொல்லிவிட்டு இறங்கினாள்.

அந்தக் காதில் நான் என்னென்ன கேட்டிருக்கிறேன். முப்பத்தொரு வருஷம் ஊர்ப் பேச்செல்லாம் என் கை வழியாகத்தான் போனது. எந்த மில் மூடப்போகிறது, எந்தப் பூமி விலை ஏறப்போகிறது, யார் வீட்டுக் கல்யாணம் நிற்கப்போகிறது, எல்லாம் எனக்குத்தான் முதலில் வரும். ஒரு சொல் வெளியே விட்டதில்லை. ஒரு சென்ட் பூமி வாங்கியதில்லை. இப்போது என் பெயர் லிஸ்ட்டில் இருக்கிறது.

வியாழக்கிழமை காலை வீட்டுக்காரர் சொன்னார்:

"செருப்பு தெரியுது மயிலு."

"யாரோடதுங்க?"

"நடக்கறவங்களோடது."

ஜன்னலின் கீழ்ப்பாதியில் மண் இருந்தது. படிக்கட்டு இப்போது மேல்நோக்கிப் போனது. மூன்றே படி. மூன்றரை மணிக்குக் கவுண்டர் மூடினால் அதுவும் இருக்காது என்று பேசிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை ராகு காலம் மூன்று மணிக்கு முடிகிறது. மூன்று அடித்து ஒரு நிமிஷம் ஆனதும் கிழக்குக் கோடிக் கதவு திறந்தது. வெள்ளிங்கிரி வந்தார். அவர் பூசணிக்காய் சுற்றாமல் ஒரு பேனா கூட வாங்காதவர். ஒரு கையில் உப்புச் சாடி. அக்குளில் சாமி படம். இடுப்பில் நிறைகுடம். ஏழு கோலத்தையும் மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்து என் வாசலுக்கு வந்தார்.

"வாக்கிங்குங்க" என்றார்.

காது சுட்டது.

"எங்க போறீங்க?" என்றேன்.

எந்த வீட்டிலோ குக்கர் விசிலைப் பாதியில் நிறுத்தியது. கதவுகள் திறந்தன.

வெள்ளிங்கிரி ஒரு காலைப் படியில் வைத்திருந்தார். அந்தக் காலை அவர் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"என்ன அம்மிணி இது. கெளம்பறப்பப் போயி."

"வாயில வந்துருச்சுங்க. உள்ள வாங்க. ஒக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

காலை எடுத்தார். உள்ளே வந்தார். வேறு வழி ஏது? கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து சாடியை மடியில் வைத்துக்கொண்டார். பெரிய டம்ளரில் கொடுத்தேன். குடித்தார். எழுந்தார். வாசலைத் தாண்டினார்.

"எங்க போறீங்க?"

திரும்பி வந்தார். உட்கார்ந்தார். குடித்தார். மூன்று பத்து.

"அம்மிணி, நான் உங்களுக்கு என்ன பண்ணுனேன்?"

"மலைய எறக்கிட்டீங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். என் காதருகே குனிந்தார். சூடு தாங்காமல் கொஞ்சம் விலகினார்.

"ஒண்ணு சொல்றன், வெளிய விடாதீங்க. எதுத்தாப்ல சிமென்ட்டு கம்பெனி வராந்தா. நாளைக்கு பதினாறு மாடி ஏறுது. எனக்குத் தெரியும். உங்க சாவியும் குடுங்க, என் சாவியோட சேத்து நானே மாத்தித் தர்றன். அங்கிருந்து மலை சும்மா கையில எட்டும்."

சாவி என் இடுப்பில்தான் இருந்தது. கை அதன் மேல் போனது. பொய் சொல்லவில்லை கண்ணுகளா, போனது. ஜன்னலில் மண் இன்னும் ஒரு விரல் ஏறியிருந்தது. ஒரு செருப்பின் வார் மட்டும் தெரிந்தது. இந்த மனுஷர் கழுத்து திரும்ப ஒரு மலை வேண்டும். நான் கேட்டது வேறு எதுவும் இல்லை.

வீட்டுக்காரர் பேசினார்.

"அந்த வராந்தாவுல ஆருங்க குடியிருக்கறாங்க?"

"உங்கள மாதிரி ஆளுங்கதான். வாத்தியாருங்க, நர்ஸம்மாங்க, ரிட்டயர் ஆனவங்க."

"நாளான்னைக்கு எறங்குமுங்களா அது?"

வெள்ளிங்கிரி சாடியின் மூடியைச் சரிசெய்தார்.

"நமக்கு முன்னாடியே தெரிஞ்சிரும்" என்றார்.

வீட்டுக்காரர் கழுத்தைத் திருப்பினார். இத்தனை மாதத்தில் முதல் முறை ஜன்னலை விட்டுச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"தண்ணி ஊத்து மயிலு."

ஊற்றினேன். வெள்ளிங்கிரி குடித்தார். எழுந்து, இந்த முறை ஓடினார். அறுபத்தெட்டு வயசுக்கு நல்ல ஓட்டம். குடம் தளும்பியது. நான் வாயைத் திறப்பதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். முதல் படியில் நாச்சிமுத்து நின்றிருந்தார்.

"எங்கீங்க போறீங்க?"

இரண்டாவது படியில் கடைசி வீட்டு நர்ஸ் பூவாத்தாள் நின்றிருந்தாள்.

"எங்கீங்க போறீங்க?"

மூன்றாவது படியில் மற்றவர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கேட்டார்கள். யாரும் சத்தம் போடவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஒரு கேள்விக்கு ஒரு முறை என் வாசலுக்குத் திரும்பி, உட்கார்ந்து, ஒரு டம்ளர். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். என் குடம் காலியானதும் அவர் நிறைகுடத்திலிருந்தே ஊற்றினேன்.

மூன்றரைக்கு மணி அடித்தது. படிக்கட்டு இருந்த இடம் சுவராகியது. எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். வெள்ளிங்கிரி வீட்டுக் கதவுக்குச் சாவி பொருந்தவில்லை. எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"மத்தியானம் இன்னும் சாப்பிடலீங்க" என்றார்.

ரசம் வைத்தேன். எங்கள் உப்பு தீர்ந்திருந்தது. அவர் சாடியைத் திறந்து ஒரு கை அள்ளிப் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல கல்லுப்பு.

வீட்டுக்காரர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

"வேர் தெரியுது மயிலு."

"என்ன மரமுங்க?"

"வேம்பாட்ட இருக்குது. பொறு, நாளைக்குக் காத்தால சொல்றன்."

வெள்ளிங்கிரி சாப்பிட்டுக் கை கழுவினார். துண்டில் துடைத்தார். சாடியை எடுத்துக்கொண்டு எழுந்து வாசல் பக்கம் பார்த்தார். நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம். நான் வாயைத் திறக்கவே இல்லை.

அவராகவே திரும்ப உட்கார்ந்து டம்ளரை நீட்டினார்.