இருபது கம்பியா, முப்பத்தாறு கம்பியா?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை உதித்தது என் மூளையில் அல்ல. என் மனைவியின் சைக்கிள் பின்சக்கரத்தில். நேற்றுக் காலை அச்சகத்துக்குப் போகும் வழியில் மூன்று கம்பிகள் ஒன்றாக அறுந்தன. அங்கே பிழை திருத்துவது அவள் வேலை. இந்த மாதத்தில் இது இரண்டாவது தாமதம். இன்னொரு முறை எட்டு மணியைத் தாண்டினால் அவள் நாற்காலியில் வேறு ஆள் உட்காரும் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

தொடர்கதைக்காரன் சும்மா இருப்பேனா? எழுதினேன்:

கறுப்புக் கையுறை அணிந்த ஒரு கை சக்கரத்தை நெருங்கியது. 'நறுக்!' கம்பி—

[அடித்துவிட்டேன். வில்லன் யாரும் இல்லை. போன வருடம் அந்தச் சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான்.]

2

ஏன் தேர்ந்தெடுத்தேன்? இருபதே கம்பி, கறுப்பு ரிம், சுற்றும்போது கத்திபோல் ஒரு மின்னல். வர்ணிக்க வசதியாக இருந்தது. வேறு காரணம் இல்லை.*

* அவள் போகும் வழியில் நான்கு கிலோமீட்டருக்கு ரோடு என்ற பெயரில் பள்ளங்கள்தான். எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் நான் பஸ்ஸில்கூடப் போனதில்லை.

3

இரண்டாவது தொடக்கம். நேற்று மாலை, சைக்கிள் கடை. (கையுறை இங்கே உண்டு. மெக்கானிக்குடையது. கிரீஸ் அப்பியது.)

அவள் கவலையோடு குனிந்து பார்த்தாள். காலை எட்டு மணிதான் அவள் கண்ணுக்குள் நின்றது.

"அண்ணே, அறுந்த மூணை மட்டும் மாத்திட்டா ஓடாதா?"

"ஓடும்மா. அடுத்த பள்ளம் வரைக்கும்."

மெக்கானிக் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். முடிவு தெரியாமல் ஆரம்பித்த தொடரைப்போல அது இடமும் வலமும் ஆடியது.

"இதை யாரும்மா செலக்ட் பண்ணிக் குடுத்தது?"

"வீட்டுக்காரர்."

"என்ன வேலை பாக்குறாரு?"

"கதை எழுதுறாரு."

"அதானே!"

[அந்த 'அதானே' என் கற்பனை அல்ல. பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.]

அவர் எடுத்து வைத்தது முப்பத்தாறு கம்பிச் சக்கரம். ரிம்முக்கு இரட்டைச் சுவர். நல்ல கனம், பளபளப்பு கிடையாது.

"அழகு கம்மிதான்மா, ஆனா அடி தாங்கும். அகல டயரா போட்டுத் தர்றேன். பத்து நாள்ல கம்பி கொஞ்சம் தளரும். கொண்டு வாங்க, திரும்ப முறுக்கித் தர்றேன்."

"நிறம் கொஞ்சம் மங்கலா..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க இன்னொரு வார்த்தை பேசினீங்க, இதை உங்க கழுத்துல மாட்டிடுவேன்," என்றாள் அவள்.

4

இன்று ஏழு இருபதுக்குப் புதுச் சக்கரத்தோடு கிளம்பினாள். நான் முடிவு எழுத உட்கார்ந்தேன்.

அ) ஏழு ஐம்பதுக்கே அச்சக வாசல். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்து அசடு வழிகிறார். (சப்பென்று இருக்கிறது.)

ஆ) பெரிய பள்ளத்தருகே, எதிரே தறிகெட்டு வந்த ஒரு லாரி— (கை ஓடவில்லை. வாரம் ஒரு பிணம் விழவைக்கிற கை!)

இ) சக்கரம் தாங்குகிறது. ஆனால் டயர்... (வேண்டாம்.)

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன். அதுவரைக்கும் என்னை வெச்சு எதையும் எழுதித் தொலைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மணி ஏழு ஐம்பத்தேழு. போன் சும்மா கிடக்கிறது.

வாசகரே, முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். திருப்பம் வேண்டாம், வர்ணனை வேண்டாம், எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். தயவுசெய்து எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.